சனிக்கிழமைக் கட்டத்தில் ஒரு கோடு

“அந்த ஒரு மணி நேரம் உம் பொண்ணு எங்கமே போறா? அத்த மட்டும் சொல்லிடு. நான் பாட்டுக்கு கொடத்த தூக்கிகினு போயிடறேன்!”

“எங்கியோ போறா! உனுக்கு இன்னா? உம் புள்ள நாளெல்லாம் இன்னா பண்றான்னு நான் கேட்டனா?”

“எம் புள்ள லோகோ ஷெட்டுல கரி வாரி கொட்டிகினு கீறான்! ஊருக்கே தெரியும்! மூஞ்சப் பாத்தாலே தெரியும்!”

“அந்த மூஞ்சி எப்பவுமே அப்டித்தான கீது!”

ராயபுரம் உப்புக் கிடங்குச் சந்தின் குழாயடிக்குச் சண்டை ஒன்றும் புதிதல்ல. ஆனால் வழக்கமாக அது யார் குடம் முதலில் வந்தது என்பதில் ஆரம்பித்து, யாருடைய பாட்டன் யாரிடம் என்ன திருடினான் என்பதில் முடியும். கடலுக்கு அந்தப் பக்கம், மலாயா நாட்டு ரப்பர் தோட்டம் ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண், சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை என்ன செய்கிறாள் என்பதற்காகக் குடத்தோடு குடம் இடித்துக்கொண்டது 1953ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில்தான். அதுவும் சம்பந்திகளாகப் போகிற இரண்டு பேர்.

முதலில் கத்தியவள் சிலுவையம்மாள். பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்த லூர்துவைப் பெற்றவள். பதிலுக்குக் கத்தியவள் வியாகுலம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அம்புரோஸின் மனைவி. மலாயாவில் இருக்கிற ஜசிந்தாவின் தாய். ஜசிந்தாவுக்கும் லூர்துவுக்கும் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. ஈஸ்டர் கழிந்ததும் அவள் கப்பலில் வந்து இறங்க வேண்டியது, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டியது, தாலி கட்ட வேண்டியது. அவ்வளவுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் இந்த ஒரு மணி நேரம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

இரண்டு பேருக்கும் நடுவே, தன் குடம் நிரம்பி வழிந்து பாதமெல்லாம் நனைவது தெரியாதவள் போல, குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள் ஐரீன். பாவம், வேறு எங்கே பார்ப்பது? அந்த ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடித்ததே அவள்தானே.

ஐரீனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் தாமஸின் பெண்டாட்டி. ஏழு பிள்ளைகள், ஒரு மாமியார், மாமியாரைப் பார்க்க வந்து ஒன்பது வருஷமாகத் திரும்பிப் போகாத மாமியாரின் தங்கை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறை. ஆனால் கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள். சந்துக்கு வரும் கடிதத்தை எல்லாம் படித்துச் சொல்வது அவள் கையில்தான் இருந்தது. சும்மா படிக்க மாட்டாள். அழுகிற இடத்தில் குரல் கம்மும், சாவு விழுந்திருந்தால் இரண்டு வரி முன்னாலேயே நிறுத்தி மூக்கை உறிஞ்சுவாள். கண் எப்போதும் வாயைவிட நாலு வரி முன்னால் ஓடும்; அதுதான் அவள் தொழில் ரகசியம்.

ஜசிந்தாவின் ஆரம்பக் கடிதங்கள் ஐரீனுக்குப் பெரிய விருந்து. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த பெண், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்த சித்தப்பா ஒருவர் சொல்லி, அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். போன ஆறு மாதமும் ‘சேசு மரி சூசை துணை’ என்று மேலே எழுதிவிட்டுக் கீழே முழுக்க அழுகைதான். அட்டை காலைக் கடித்தது. மழை மேலிருந்து பெய்யாமல் பக்கத்திலிருந்து பெய்தது. சோறு குழைந்தது, இல்லாவிட்டால் கருகியது; மூன்று நாள் கடை ரொட்டியைத் தின்று படுத்துக்கொண்டாள். பகலில் தூங்கினாள், பொழுது சாய்ந்தால் பயந்தாள். பள்ளிக்கூட மணியை ஒரு நாள் எட்டுக்கு அடித்தாள், ஒரு நாள் ஒன்பதரைக்கு. வியாகுலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அந்த அட்டை கடிச்சத இன்னொரு தபா படி” என்பாள்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை அவள் தூங்கிப்போய்ப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனாளாம். பூட்டின கொட்டகைக்கு வெளியே நாற்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். ஏன் என்று கேட்டதற்கு ஒரு சின்னப் பெண், “எங்கம்மா பால் வெட்டப் போறப்பவே உட்டுட்டுப் போயிடுச்சு டீச்சர். விடியறதுலேருந்து இங்கதான் இருக்கோம்” என்றாளாம். பால் என்றால் ரப்பர் மரத்துப் பால். அதை வெயில் ஏறுவதற்குள் வெட்டியாக வேண்டும். தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், இவளுக்குத்தான் தெரியவில்லை. ‘அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை உங்களுக்கு எழுத முடியாது’ என்று எழுதியிருந்தாள். அதை மட்டும் ஐரீன் எந்த நடிப்பும் இல்லாமல் படித்தாள்.

அத்தோடு கடிதத்தில் உப்பு போய்விட்டது. ‘நான் நலம். ஆறு மணிக்குப் பள்ளி திறக்கிறேன். பிள்ளைகள் வருகிறார்கள்.’ அட்டையும் இல்லை, அழுகையும் இல்லை. வியாகுலம் காகிதத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“அழுவாம எழுதறாளே. இன்னாவோ கீது” என்றாள் புருஷனிடம்.

“அழுதாலும் பேஜாரு, அழுவாட்டியும் பேஜாரா?” என்றார் அம்புரோஸ்.

“நீ சும்மா இரு. ஐரீன், எழுதுடி. எப்ப எய்ந்துக்கிறா, எப்ப சாப்புடறா, எப்ப படுக்கிறா, ஒண்ணு வுடாம மணி போட்டு எழுதச் சொல்லு.”

பெற்றவள் கேட்டாள், பெண் எழுதினாள். ஆனால் டீச்சர் அல்லவா? பெரிய காகிதத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, மேலே ஏழு நாள், பக்கத்தில் மணி, உள்ளே கட்டம் கட்டமாக ஒரு கால அட்டவணையே வந்துவிட்டது. நாலரைக்கு எழுந்திருத்தல். ஐந்துக்குச் செபம், தேத்தண்ணீர். ஐந்தரைக்குத் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருதல். ஆறுக்குப் பள்ளி. பகலில் பெரிய பெண்களுக்குத் தையல், அப்புறம் தானே இங்கிலீஷ் படித்தல், வேலை முடிந்து வந்த பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தல். அந்தச் சமயம் மலாயாக் காட்டில் கலகம்; தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே போகக் கூடாது. அதுவும் கட்டத்தில் இருந்தது: ‘கதவு அடைத்தல்.’

சந்துக்கு இப்படி ஒரு பண்டம் அதுவரை கிடைத்ததில்லை. ஐரீன் மூன்று நாள் உட்கார்ந்து படித்தாள். கப்பல்காரர்களோடு பழகிய அம்புரோஸ், அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டு மணி முன்னால் ஓடும் என்று வேறு சொல்லிவைத்தார். அவ்வளவுதான். காலையில் பத்து மணிக்கு மீன் கூடையை இறக்கும்போதே கோவிந்தம்மா, “இன்னாமே, டீச்சரம்மா துன்னாளா?” என்பாள். “இப்பதான் ஒக்காந்தா” என்று யாராவது பதில் சொல்வார்கள். பெற்ற பிள்ளை எங்கே சுற்றுகிறான் என்று தெரியாதவர்களுக்கெல்லாம் ஜசிந்தா இந்த நிமிஷம் என்ன செய்கிறாள் என்பது தெரிந்திருந்தது.

ஐரீன்தான் நாலாவது நாள் அந்தக் கட்டத்தைக் கவனித்தாள். சனிக்கிழமை. மூன்றிலிருந்து நாலு வரை ‘துணி மடித்தல்’. ஐந்திலிருந்து ஆறு வரை ‘கடிதம் எழுதுதல்’. நடுவே, நாலிலிருந்து ஐந்து வரை, ஒரு எழுத்து இல்லை. ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு சின்னக் கோடு.

மறந்துவிட்டாளோ என்றால், மறந்தவள் ஸ்கேல் வைப்பாளா?

ஐரீன் அதை யாரிடமும் சொல்லவில்லை. கோவிந்தம்மாவிடம் மட்டும் சொன்னாள். “உன் வாயோட இருக்கட்டும்மே” என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். கோவிந்தம்மா ராயபுரத்தில் கூடையைத் தூக்கினால் திருவொற்றியூர் வரை வீடு வீடாகப் போய்த்தான் இறக்குவாள். அவள் வாயில் இருந்த விஷயம் மத்தியானத்துக்குள் தண்டையார்பேட்டையைத் தாண்டியிருந்தது.

அப்புறம் ஆளுக்கு ஒன்று. சைக்கிள் பழகுகிறாள் என்றார்கள். சீனன் கடையில் ஐஸ் தின்கிறாள் என்றார்கள். டூரிங் சினிமா என்றார்கள். ரகசியமாகத் தபசு இருக்கிறாள் என்று கோயில் மெழுகுவர்த்திக்காரி சொன்னாள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் யாரோ ஒரு கிராணியாரோடு பேசுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஆனால் அதை ஒருவரும் முதலில் சொல்லவில்லை. சொன்னவள் பேரில் பழி வரும். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி ஆனால் போதும், சந்தில் ஒவ்வொருத்தியாக வெளியே வந்து, காயாத துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கடல் இருக்கும் திசையைப் பார்த்து நிற்பாள். அங்கே இப்போது நாலு. அந்தக் கோட்டுக்குள் ஜசிந்தா என்ன செய்கிறாள்?

ஐரீனுக்கு மற்றவர்களைவிட அது அதிகமாகவே குடைந்தது. பிள்ளைக்குப் பேன் பார்க்கும்போதும், மாமியாருக்கு வெந்நீர் வைக்கும்போதும் அந்தக் கோடு கண் முன்னால் நிற்கும். தனக்கு ஒரு கால அட்டவணை போட்டால் எப்படியிருக்கும் என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்தாள். ஒரு கட்டத்துக்குள் நாலு வேலை எழுத வேண்டியிருந்தது. யோசிப்பதை விட்டுவிட்டாள்.

குழாயடிச் சண்டைக்குப் பிறகு சிலுவையம்மாள் நேராகப் பங்குச் சாமியாரிடம் போனாள். ஓலை வாசிக்கும்போது, ‘இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லக் கடவார்கள்’ என்று சாமியார் கேட்பது வழக்கம். இரத்த உறவு, முன்னாலேயே ஒரு தாலி, இப்படிப்பட்ட தடைக்குத்தான் அந்தக் கேள்வி. சிலுவையம்மாள் ஒரு மணி நேரத்தைத் தடையாகக் கொண்டுபோனாள். அந்தப் பங்கு ஏற்பட்ட நாளிலிருந்து யாரும் செய்யாத காரியம்.

“ஒரு மணி நேரம் எப்படியம்மா தடையாகும்?” என்றார் சாமியார்.

“வாரத்துக்கு ஒண்ணு சாமி. மூணு வருஷத்துக்கு எத்தினி ஆச்சி?”

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பெண்ணையே எழுதிக் கேட்டுவிடுங்களேன்” என்றார்.

“கேக்கறோம். பதில் வர்ற வரிக்கும் ஓலை வாசிக்காதீங்க.”

ஆக, ஒரு காகிதக் கோட்டின் மேல் கல்யாணம் நின்றது. ஐரீன்தான் எழுதினாள். சுற்றி வளைத்து, நலம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில் ‘சனிக்கிழமை நாலு மணிக்கு எதுவும் எழுதக் காணோமே’ என்று முடித்தாள்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. வியாகுலத்தின் வீட்டு வாசலில் சந்தே கூடியிருந்தது. அம்புரோஸ் பீடியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். கோவிந்தம்மா கூடையை இறக்காமலே நின்றாள். சிலுவையம்மாள் நடுவில். லூர்துவுக்கு அன்று பகல் ஷிப்டு. இருந்திருந்தால் எட்டிப் பார்த்துத் தானே படித்திருப்பான், கதையும் வேறு மாதிரி போயிருக்கும்.

ஐரீன் வாயால் ‘சேசு மரி சூசை துணை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் கீழே போய்விட்டது.

‘நீங்கள் கேட்ட நேரத்தில் நான் எதுவும் செய்வதில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேலை எழுதி வைத்த பிறகுதான் நான் இந்த நாட்டில் நிமிர்ந்து நின்றேன். ஆனால் எல்லாவற்றையும் எழுதி முடித்ததும் எனக்கு மூச்சு முட்டியது. அதனால் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவேன். தைப்பதில்லை, படிப்பதில்லை, செபமும் சொல்வதில்லை. முதல் வாரம் கால் மணி நேரம்கூட முடியாமல் எழுந்து அலமாரியைத் துடைத்தேன். இப்போது முழுதாக இருக்க முடிகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும். இதை லூர்துவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.’

“இன்னாடி, வாய் அடைச்சிப் போச்சி?” என்றாள் வியாகுலம்.

ஐரீன் நிமிர்ந்து பார்த்தாள். வியாகுலத்தின் முகம் ஒரு பக்கம், சிலுவையம்மாளின் முகம் ஒரு பக்கம். இதை உள்ளபடி படித்தால் கல்யாணம் இந்த வாசலிலேயே விழுந்துவிடும். எட்டு வருஷமாகக் கடிதம் படிக்கிறவள், ஒரு வரியைக்கூட மாற்றிப் படித்ததில்லை. கொஞ்சம் அழுகை சேர்த்திருப்பாள், அவ்வளவுதான்.

“செபம் பண்றாளாம்” என்றாள். “கதவ சாத்திகினு, ஒரு மணி நேரம், முழங்கால் போட்டு.”

வியாகுலம் ஓவென்று அழுதாள். சிலுவையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். “நான் அன்னிக்கே சொன்னேன், அது நல்ல பொண்ணுன்னு” என்றாள். அம்புரோஸ் மட்டும் பீடியைத் திரும்பப் பற்ற வைத்துக்கொண்டு, “நம்ம ஜசிந்தாவா?” என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. ஐரீன் கடிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பொய் சொல்கிறவர்கள் சின்னதாகச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். ஐரீனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சிலுவையம்மாள் மருமகளின் பக்தியைச் சாமியார் வரை கொண்டுபோனாள். சாமியார் மனம் குளிர்ந்து, அந்தப் பெண் வந்ததும் மாதா சபைப் பெண்களுக்குச் சனிக்கிழமை நாலு மணிச் செபத்தை அவளே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டார். ஈஸ்டர் முடிந்தது, முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள். ஐரீன், ஜசிந்தாவுக்கு எழுதி எச்சரிக்கலாம் என்றால் கப்பல் ஏற்கெனவே பினாங்கை விட்டுக் கிளம்பிவிட்டது.

மூன்றாவது ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை அவள் வந்து இறங்கினாள். கையில் வாட்ச்சு, பின்னலை ஏற்றிக் கட்டிய கொண்டை. போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவள், வரும்போது பெட்டிக்கு முன்னால் நடந்து வந்தாள். மறுநாள் விடிவதற்கு முன் குழாயடியில் முதல் குடம் அவளுடையது. பின்னால் வந்தவர்களை அவளே வரிசையில் நிறுத்தினாள். சந்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக அன்று சண்டை இல்லை. ஏதோ ஒன்று குறைந்த மாதிரி எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஐரீன் இரண்டு நாளும் அவளைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. வீடு முழுக்க ஆள். பிஸ்கட் டின்னைச் சுற்றிப் பிள்ளைகள். “அப்பறம் பேசலாம்க்கா” என்று சிரித்துக்கொண்டே அவளே தள்ளிப்போட்டாள்.

சனிக்கிழமை வந்தது. நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜசிந்தா அம்மாவையும் அப்பாவையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நாலு ஆவதற்குள் வாசலில் பதினெட்டுப் பெண்கள். தலையில் முக்காடு, கையில் செபமாலை. முன்னால் சிலுவையம்மாள். கூட்டத்தின் கடைசியில், ஓடிப்போகவும் முடியாமல், ஐரீன்.

சிலுவையம்மாள் கதவைத் தட்டினாள். மூன்றாவது தட்டுக்குக் கதவு திறந்தது.

“இன்னா அத்தே?”

“நாங்க அல்லாரும் வந்துகீறோம்மா. ஆரம்பி.”

“எத்த?”

“செபத்தத்தான். சாமியாரு உன்னயே நடத்தச் சொல்லிகீறாரு.”

“நான் எங்க அத்தே இந்த நேரத்துல செபம் பண்றேன்?”

“நீதானம்மா எழுதன! முழங்கால் போட்டுன்னு!”

“முழங்காலா?” ஜசிந்தா கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் ஐரீனைப் பார்த்தது. அத்தனை தலையும் ஒரே சமயத்தில் திரும்பினால் காற்றே அடிக்கும் போலிருந்தது.

“நான்தான் மாத்திப் படிச்சேன்” என்றாள் ஐரீன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் தானாகக் கம்மியது. ரவிக்கைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தாள். வியர்வையில் மை கொஞ்சம் ஊறியிருந்தது. அங்கேயே நின்று, முதலிலிருந்து கடைசி வரை, உள்ளது உள்ளபடி படித்தாள்.

“அப்ப உள்ள இன்னாதாண்டி பண்றே?” என்றாள் சிலுவையம்மாள்.

“சும்மா குந்திகினு கீறேன் அத்தே.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

சிலுவையம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஒருத்தன் கூட பேசினா, சினிமாக்குப் போனான்னா, சரி, வயசுக் கோளாறுன்னு நெனச்சிப்பேன். சும்மா குந்தறதுக்கு ஒரு பொம்பள கதவ சாத்துவாளா? நாளைக்கு எம் வூட்டுக்கு வந்து, அடுப்புல சோறு கொதிக்கச் சொல்ல, நாலு மணி ஆச்சின்னு எய்ந்து போயிடுவியா? நாளைக்கு மூணாவது ஓலை. தடை உண்டான்னு சாமியாரு கேப்பாரு. நான் எய்ந்து நிப்பேன், பாத்துக்க!”

வியாகுலம் “ஐயோ, ஜசிந்தா, வாய மூடு” என்றாள். பெண் வாயையே திறக்கவில்லை. ஜசிந்தா கை வாட்ச்சைப் பார்த்தாள்.

“நில்லுங்க அத்தே. உங்க இஷ்டம். ஆனா அஞ்சு மணிக்கு மேல பேசலாம். இன்னும் அம்பது நிமிஷம் கீது.”

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

யார் வீட்டுக்குப் போவார்கள்? அத்தனை பேரும் அங்கேயே நின்றார்கள். கதவு இடுக்கில் ஒருத்தி கண் வைத்துப் பார்த்துவிட்டு, “நிஜமாத்தான் குந்தினு கீறா. கால மட்டும் ஆட்டறா” என்றாள். நாலரைக்கு ஷெட்டிலிருந்து லூர்து வந்தான், கரி முகத்தோடு. பெற்றவள் ஒரு பக்கம், கோவிந்தம்மா ஒரு பக்கம், இரண்டு காதிலும் விஷயத்தை ஊற்றினார்கள். அவன் ஐரீனிடமிருந்து கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான். படிக்கட்டில் உட்கார்ந்தான். ஐந்து மணி வரை எழுந்திருக்கவில்லை.

கதவு திறந்தது.

“ஐரீன் அக்கா படிச்சத நான் நம்பவே இல்ல” என்றான் லூர்து. “செபமாலை சொல்றப்ப மூணாவது மணியிலியே தூங்கி வுழுவியே நீ.”

“நீ மட்டும் கடைசி வரிக்கும் முழிச்சிகினு இருந்தியா?”

“அத்த வுடு. கதவு வேணும்னு எழுதிகீறியே. எங்க வூட்ல கதவு எங்க கீது? கோணி தொங்குது. அம்மா, ரெண்டு தங்கச்சி, நானு. எத்த சாத்துவே?”

“தெரியும். அதான் முன்னாடியே சொல்லச் சொன்னேன். உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. தோட்டத்துல திரும்ப வரச் சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. போயிடறேன். கோபமில்ல.”

சொல்லும்போது குரல் நேராகத்தான் இருந்தது. ஆனால் வாட்ச்சின் சாவியை அவள் விரல் திருகிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற ஐரீன் அதைப் பார்த்தாள். கடிதத்தில் எங்கும் எழுதாத விஷயம் அது.

லூர்து கையில் இருந்த கரியைப் பார்த்தான். “அரக்கோணம் ஷெட்டுக்கு ஆள் கேட்டு நோட்டீஸ் ஒட்டிகீறான். நாலு மாசமா யாரும் போவல. கோட்டர்ஸ் தரான். ரெண்டு ரூம்.”

“கதவு?”

“இருக்கும். தாப்பா இருக்குதான்னு பாத்துட்டு சொல்றேன்.”

“டேய் நைனா!” என்று சிலுவையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு தாப்பாக்காக பெத்தவள வுட்டுட்டுப் போவியாடா?”

“நீயும் வாயேம்மா, பத்து நாளு இருந்துட்டு வா” என்றான் லூர்து. அவ்வளவு நீளமாக அவன் தாயை எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

மறுநாள் பூசைக்குக் கோயிலில் இடமில்லை. ஈஸ்டருக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கோவிந்தம்மா இந்து; அவளும் வாசல் கதவருகே நின்றிருந்தாள். சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்து, தடை அறிந்தவர்கள் சொல்லக் கடவார்கள் என்று நிமிர்ந்தார். சிலுவையம்மாள் எழுந்து நின்றாள். விசிறிகள் எல்லாம் அப்படியே நின்றன. அவள் ஆண்கள் பக்கம் மகனைத் தேடினாள். அவன் முகம் அன்று கழுவிச் சுத்தமாக இருந்தது; அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னம்மா?” என்றார் சாமியார்.

“ஒண்ணுமில்ல சாமி. காலு மரத்துப் போச்சி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ரவிக்கைக்கு ஹுக் தைத்துக்கொண்டே ஐரீன் கேட்டேவிட்டாள். “கோபமாடி என் மேல?”

“இருந்திச்சி. அப்பறம் யோசிச்சேன். நீ உள்ளபடி படிச்சிருந்தா நான் கப்பல் ஏறியிருக்கவே மாட்டேன்.”

“அந்த ஒரு மணி நேரத்துல இன்னாதாண்டி தோணும்?”

ஜசிந்தா யோசித்தாள். “மொதல்ல யாரோ கூப்புடற மாதிரியே இருக்கும்க்கா. அப்பறம் பசிக்கும். அப்பறம் யார் மேலயோ கோபம் வரும். அதெல்லாம் போன பின்னாடி ஒரு கால் மணி நேரம் மிச்சம் இருக்கும். அது எப்டி இருக்கும்னு சொல்லத் தெரியல.”

“நல்லா இருக்குமா?”

“போவ மனசு வராது.”

ஐரீன் ஊசியில் நூலைக் கோத்தாள். அதற்குள் அவள் வீட்டிலிருந்து நாலு குரல் ஒரே சமயத்தில் கூப்பிட்டது. போய்விட்டாள்.

கல்யாணம் நடந்தது, அரக்கோணத்துக்கு மாற்றலும் வந்தது. தாழ்ப்பாள் இல்லாமல்தான் இருந்ததாம், லூர்துவே வாங்கிப் பொருத்தினானாம். ஜசிந்தா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். சிலுவையம்மாள் பத்து நாள் இருந்து வருகிறேன் என்று போனவள் நாலாவது நாளே திரும்பிவிட்டாள். “எம் புள்ள வெளிய குந்திகினு பூண்டு உரிச்சிகினு கீறான்மே! உள்ள அவ சும்மா கீறா!” என்று குழாயடியில் முறையிட்டாள். “உரிக்கட்டுமே, கைல கரியாவது போவும்” என்றாள் கோவிந்தம்மா. சிலுவையம்மாளின் பெரிய பெண்ணை அந்த வருஷக் கடைசியில் பவர் ஹவுஸ் ஃபிட்டர் ஒருவன் கட்டிக்கொண்டான். சின்னவள் கன்னியாஸ்திரீயாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, எண்ணூரில் உப்பளத்து மேஸ்திரி ஒருவனோடு போனாள். கோவிந்தம்மாவின் மகள் நீலாவுக்குக் காசிமேட்டிலேயே வரன் அமைந்தது.

ஐரீனிடம் ஒரு வருஷம் யாரும் கடிதம் கொண்டுவரவில்லை. பிறகு கொண்டுவந்தார்கள், வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் படித்து முடித்ததும், “இதுதான எழுதிகீது?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அதற்கடுத்த வருஷம் தாமஸுக்குப் பெரம்பூரில் ரயில்வே கோட்டர்ஸ் கிடைத்தது. சாமான் ஏற்றின மாட்டு வண்டி கிளம்புகிற வரை சந்து முழுக்க நின்று பார்த்தது. புது வீட்டில் மொத்தம் எத்தனை அறை என்று கோவிந்தம்மா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை கேட்டாளாம். ஐரீன் பதிலுக்கு, மடியில் இருந்த புதுத் தாழ்ப்பாளை முந்தானையால் மூடிக்கொண்டாளாம்.